பதின்மூன்று வாரத் தீர்ப்பு: தென் மாவட்டங்களில் குடும்ப நகைச்சுவைத் தொடர்

குடும்ப நகைச்சுவைத் தொடர் ஒன்று நிலைக்குமா நிலைக்காதா என்பதை அதன் முதல் சில வாரங்களே முடிவுசெய்கின்றன. அந்த முடிவைச் சொல்பவர் யார் என்பது தமிழ்நாட்டில் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. முதலில் பார்வையாளரின் கடிதமும் பத்திரிகை விமர்சனமும் அதைச் சொல்லின, பின்னர் பார்வையாளர் அளவைக் காட்டும் டி.ஆர்.பி. எண் அந்த இடத்தைப் பிடித்தது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற தென் மாவட்ட ஊர்களில் நின்று பார்த்தால் இந்த மாற்றம் தெளிவாகத் தெரியும்.

தொலைக்காட்சி வருவதற்கு முன் இப்பகுதி மக்களுக்கு மேடை நகைச்சுவையைத் தந்தது ஸ்பெஷல் நாடகம். மதுரையை மையமாகக் கொண்ட நடிகர்கள் கோயில் கொடைக்கும் திருவிழாவுக்கும் வந்து விடிய விடிய ஆடினார்கள். நகைச்சுவை நடிகரான பபூன் சொல்லும் துணுக்குக்கு அங்கேயே சிரிப்பும் விசிலும் கிடைக்கும்; பிடிக்காவிட்டால் அதுவும் உடனே தெரிந்துவிடும். ஊருக்கு ஏற்ப, கூட்டத்துக்கு ஏற்ப பபூன் பேச்சை மாற்றிக்கொண்டார்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் அலைகள் தென் மாவட்டங்களை எட்டவில்லை. 1982இல் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியதும், தென் மாவட்டங்களில் உயரமான ஆன்டெனா வைத்தவர்கள் அதைப் பார்த்தனர். 1980களின் பிற்பகுதியில் கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் இயங்கத் தொடங்கிய பிறகே தூர்தர்ஷன் இப்பகுதியில் தெளிவாகக் கிடைத்தது. பெட்டி இருந்த வீடுகள் சில. பார்க்க வந்தவர்கள் பலர். ஆலைகள் ஷிப்டு முறையில் ஓடும் ராஜபாளையத்தில் இரண்டாம் ஷிப்டுக்குப் போனவர் இரவுத் தொடரைப் பார்க்க முடியாது. ஆகவே தொடரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள், முதியோர் வழியாகவே பரவியது.

தூர்தர்ஷன் தொடர்களுக்கு 13 வாரம் என்பதே வழக்கமான அளவாக இருந்தது. விளம்பரதாரரும் நிலையமும் சம்மதித்தால் மேலும் 13 வாரம் நீட்டிக்கப்பட்டது. இன்று சீசன் எனப்படுவதன் வேலையை அன்று இந்த 13 வாரம் செய்தது. 1984இல் வந்த இந்தித் தொடர் 'ஹம் லோக்' இதற்கு முன்னுதாரணம். குடும்பக் கட்டுப்பாட்டைப் போதித்த அதன் முதல் 13 பகுதிகளுக்கு வரவேற்பு குறைவு. போதனையைக் குறைத்துக் கதையைக் கூட்டிய பிறகு அது நாடு முழுவதும் பேசப்பட்டு, லட்சக்கணக்கான கடிதங்களைப் பெற்றது. அதே ஆண்டு வந்த 'யே ஜோ ஹை ஜிந்தகி' குடும்ப நகைச்சுவை என்ற வகையை இந்தியத் தொலைக்காட்சியில் நிலைநிறுத்தியது. தமிழில், சென்னைத் தொலைக்காட்சியின் 'எதிரொலி' நிகழ்ச்சி பார்வையாளர் கடிதங்களைப் படித்து, பாராட்டுக்கும் குறைக்கும் பதில் சொன்னது. தொலைவில் உள்ள சிற்றூரிலிருந்து ஓர் அஞ்சலட்டை எழுதினால் போதும், சென்னை நிலையத்தின் காதுக்கு அது எட்டும் என்ற நம்பிக்கையை 'எதிரொலி' தந்தது.

தொடக்ககாலத் தமிழ் நகைச்சுவைத் தொடர்கள் சென்னை சபா நாடகங்களிலிருந்து வந்தன. எஸ்.வி. சேகரின் 'வண்ணக் கோலங்கள்' அவற்றில் பெயர்பெற்றது. சபா நகைச்சுவை மீது விமர்சகர்கள் வைத்த குற்றச்சாட்டு 'துணுக்குத் தோரணம்' என்பது: கதையின்றிச் சிரிப்புத் துணுக்குகளைக் கோத்தல். அதே குணம் தொலைக்காட்சிக்குச் சாதகமாகவும் அமைந்தது. இடையில் ஒரு வாரம் விட்டவருக்கும் துணுக்கு புரியும். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பு, அலுவலக மேலாளர், மயிலாப்பூர்ப் பேச்சு என்று அந்த உலகம் பெரும்பாலும் சென்னைக்குள்ளேயே சுழன்றது. ஆலைத் தொழிலாளியின் வீடோ நெசவாளியின் வீடோ அதில் அரிது.

கேபிள் வந்ததும் நிலைமை மாறியது. சன் டி.வி. 1993 ஏப்ரல் 14 அன்றும், ராஜ் டி.வி. அதற்கு அடுத்த ஆண்டும் தொடங்கின. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி' ஒரே பெயருள்ள கணவன் மனைவியின் கதை. முதல் சீசனில் பிருத்விராஜும் வாசுகியும் நடித்தனர். துணுக்கை நம்பாமல், இருவரின் குணத்திலிருந்தே சிரிப்பைப் பிறக்கவைத்தது இத்தொடர். வரவேற்புக்குச் சான்று, அது இரண்டாம் சீசன் கண்டது. அதில் ராம்ஜியும் தேவதர்ஷினியும் ஜோடியாயினர். சன் டி.வி.யின் 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வோ மாமியார் மருமகள் பூசலையே கேலியாக்கி, எம்.எஸ். பாஸ்கரின் பட்டாபி பாத்திரத்தைப் புகழ்பெறச் செய்தது.

இதே காலத்தில் கடிதத்தின் இடத்தை எண் பிடித்தது. டி.ஆர்.பி.யை அளந்த டாம் நிறுவனத்தின் மீட்டர்கள் முதன்மையாக ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களையே கணக்கிட்டன. 2011 கணக்கெடுப்பில் ராஜபாளையத்தின் மக்கள்தொகை சுமார் 1.30 லட்சம்; ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஸ்ரீவில்லிபுத்தூருக்கு சுமார் 75 ஆயிரம். ஒரே தொடரைப் பார்த்துச் சிரித்த இரு ஊர்களில் ஒன்று அந்த அளவுகோலுக்குள் வரும், மற்றொன்று வராது. 2015இல் அளவீட்டுக்கு வந்த பார்க் அமைப்பு கிராமப்புறங்களையும் கணக்கில் சேர்த்த பின்னரே இந்த இடைவெளி குறைந்தது.

பழைய தொடர்கள் பின்னர் யூடியூபில் புதிய பார்வையாளரைப் பெற்றன. 'ரமணி வெர்சஸ் ரமணி' 2022இல் ஆஹா தளத்தில் மூன்றாம் சீசனாக ராம்ஜியும் வாசுகியும் நடிக்க மீண்டும் வந்தது. 13 வாரத்தில் முடிவான தீர்ப்பு இன்று கால் நூற்றாண்டு கடந்தும் மறுபரிசீலனைக்கு வருகிறது. அதில் எந்த ஊர்க்காரருக்கும் சம பங்கு உண்டு.