டயாலிசிஸ் நோயாளிகளும் நுண்தனிமங்களும்: தண்ணீர் வழியே ஒரு வரலாறு

டயாலிசிஸ் நோயாளிகளின் ரத்தத்தில் துத்தநாகம், செம்பு, செலினியம் போன்ற நுண்தனிமங்கள் கூடினாலும் குறைந்தாலும் முதலில் உணவைத்தான் விசாரிக்கிறோம். கடந்த அறுபது ஆண்டு ஆய்வுகளோ தண்ணீரை முதலில் விசாரிக்கச் சொல்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வில்லெம் கோல்ஃப் 1943-இல் நெதர்லாந்தின் காம்பன் நகரில் உருவாக்கிய செயற்கைச் சிறுநீரகம் குறுகிய காலச் சிகிச்சைக்கே பயன்பட்டது. 1960-இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் ரத்தக் குழாய்களில் டெஃப்லான் இணைப்பை நிலையாகப் பொருத்திய பிறகே ஒருவருக்கு ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸ் செய்ய வழி பிறந்தது. ரத்தத்தைச் சுத்திகரிக்க நீரில் கலக்கும் திரவமான டயாலிசேட், நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் வீதம் நான்கு மணி நேரம் ஓடினால் ஒரு தடவைக்கு 120 லிட்டர். வாரம் மூன்று தடவை என்றால் 360 லிட்டர். குடிக்கும் நீரில் உள்ளதைக் குடல் பெரிதும் தடுத்துவிடுகிறது. இங்கே அந்தக் காவல் கிடையாது. ரத்தத்துக்கும் நீருக்கும் நடுவில் இருப்பது மெல்லிய சவ்வு ஒன்றுதான்.

இதன் விளைவு வீடுகளிலேயே தெரிந்தது. 1972-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் ஒரு பெண் நோயாளியைப் பற்றி எழுதினார்கள். கூரையில் விழுந்த மழைநீரைத் துத்தநாகப் பூச்சுத் தொட்டியில் தேக்கி, அதைக் கொண்டே வீட்டில் டயாலிசிஸ் செய்துவந்தவர் அவர். குமட்டலும் காய்ச்சலும் கடும் ரத்தசோகையும் அவருக்கு வந்ததற்குக் காரணம் அந்தத் தொட்டியின் துத்தநாகம். செப்புக் குழாய்களில் இருந்து கரைந்த செம்பு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்த நிகழ்வுகளும் அதே காலத்தில் பதிவாகின.

பேரழிவு அலுமினியத்தால் வந்தது. ஆலன் ஆல்ஃப்ரியும் அவருடைய டென்வர் குழுவினரும் 1972-இல் ஒரு புதிய நோயை விவரித்தனர். முதலில் பேச்சு தடுமாறும், அதுவும் டயாலிசிஸ் முடிந்த கையோடு அதிகமாகத் தடுமாறும். பிறகு தசைத் துடிப்பு, வலிப்பு, நினைவுச் சிதைவு, மரணம். 1976-இல் அவர்கள் வெளியிட்ட அளவீடு இன்றும் மனதை உலுக்குகிறது. இந்நோயால் இறந்தவர்களின் மூளைச் சாம்பல்நிறப் பகுதியில், உலர் எடையில் கிலோவுக்கு 25 மில்லிகிராம் அலுமினியம் இருந்தது. இந்நோய் இல்லாத டயாலிசிஸ் நோயாளிகளிடம் அது 6.5, சிறுநீரக நோயே இல்லாதவர்களிடம் 2.2.

பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தக் கொடுத்த அலுமினியம் ஹைட்ராக்சைடு மாத்திரை மீதுதான் அவர்கள் முதலில் சந்தேகம் கொண்டார்கள். மாத்திரையின் பங்கு உண்மைதான். ஆனால் எல்லா ஊர்களிலும் கொடுத்த மாத்திரை சில ஊர்களில் மட்டும் ஏன் கொன்றது? இங்கிலாந்தின் நியூகாசில் குழுவினர் இதற்கு விடை தந்தார்கள். அங்கே நோயாளிகளின் எலும்புகள் மென்மையாகி, வைட்டமின் டி கொடுத்தும் தேறாமல் முறிந்துகொண்டிருந்தன. குடிநீரைத் தெளிய வைக்க நகராட்சிகள் சேர்க்கும் படிகாரம், அதாவது அலுமினியம் சல்பேட், டயாலிசிஸ் நீரிலும் வந்து சேர்ந்தது. கடினநீரை மென்னீராக்கும் கருவி அதை நீக்காது. அயனி நீக்கி நீக்கும். அயனி நீக்கிய நீரைப் பயன்படுத்தியவர்களின் எலும்புகள் பெரும்பாலும் தப்பின. 1979-இல் பிரிட்டனின் 18 மையங்களை ஒப்பிட்ட ஆய்வும் நீரின் அலுமினியத்தையும் இந்த இரு நோய்களையும் தொடர்புபடுத்தியது. என் பார்வையில் டென்வரின் மூளை அளவீட்டைவிட இந்த ஊர்வாரி ஒப்பீடே தீர்மானமானது.

நுழையும் அலுமினியம் ஏன் வெளியேறுவதில்லை? ரத்தத்தில் அது டிரான்ஸ்ஃபெரின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. கட்டுறாத பங்கு மிகக் குறைவு. எனவே டயாலிசேட்டில் சிறிதளவு இருந்தாலும் அது ரத்தத்தை நோக்கியே நகரும். லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்ற கடுமையான வரம்பு இதனால்தான் வந்தது, ஆர்.ஓ. சுத்திகரிப்பும் வழக்கமானது. ஆயினும் 1996-இல் கரீபியத் தீவான குராசாவில், சிமென்ட் பூச்சுள்ள புதிய நீர்க்குழாயிலிருந்து அலுமினியம் கரைந்து, ஒரே மையத்தின் 27 நோயாளிகளில் 10 பேர் உயிரிழந்தார்கள்.

நஞ்சைத் துரத்திய அந்த ஆண்டுகளில் பற்றாக்குறை பின்னுக்குப் போனது. துத்தநாகம் கொடுத்தால் மங்கிய சுவையுணர்வு மீள்கிறது என்று 1980-இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது. மார்செல்லோ டோனெல்லி குழு 2009-இல் தொகுத்த ஆய்வுகளில் டயாலிசிஸ் நோயாளிகளிடம் துத்தநாகமும் செலினியமும் மாங்கனீசும் குறைந்திருந்தன. காட்மியம், குரோமியம், செம்பு, ஈயம், வனேடியம் கூடியிருந்தன.

இந்த எண்களைப் படிப்பதில் சிக்கல் உண்டு. சீரத் துத்தநாகத்தின் பெரும்பகுதி ஆல்புமினோடு பயணிக்கிறது. ஆல்புமின் சரிந்தால் அதுவும் சரியும், அழற்சியிலும் சரியும். டயாலிசிஸில் உடல்நீர் வெளியேறி ரத்தம் அடர்ந்தபின் எடுத்த மாதிரி உயர்வாகக் காட்டும். ரத்தம் எடுத்த நேரம், ஆல்புமின் அளவு, அந்த மையத்தின் நீர்ப் பரிசோதனை ஆகிய மூன்றும் உடன் தரப்படாத ஒரு சீர அளவை, வேறு ஊர் அளவோடு ஒப்பிட நான் எடுத்துக்கொள்வதில்லை.