மாமியாரின் ஆட்டுக்கல்லும் அம்மாவின் பெட் ரெஸ்ட்டும்: கர்ப்பகால உடற்பயிற்சிக்கு ஒரு சின்ன வரலாறு

1/ சில மாசம் முன்னாடி ஓ.பி.யில் ஒரு பொண்ணு. ஆறாம் மாசம். பெருங்குடியில் ஐ.டி. வேலை. ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் மாமியார்.

"டாக்டர், இவ மாடிப்படியே ஏறக்கூடாதுன்னு சொல்லுங்க" என்றார் அம்மா.

"எங்கம்மா ஒம்போது மாசமும் ஆட்டுக்கல்லுல மாவாட்டினாங்க. அஞ்சும் சுகப்பிரசவம்" என்றார் மாமியார்.

நடுவில் அந்தப் பொண்ணு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

2/ இதில் யார் சொல்வது சரி? ரெண்டு பேருமே பாதிதான் சரி. ஏன்னு புரிய கொஞ்சம் பின்னாடி போகணும். பொறுமையா படிங்க, உங்க வீட்டுக்கும் உதவும்.

3/ முதலில் ஆட்டுக்கல். அந்தக் காலப் பெண்கள் எல்லோரும் இடுப்பொடிய வேலை செய்தார்கள், உண்மை. ஆனால் எத்தனை பேர் பிழைத்தார்கள்? 1946-ல் வந்த போர் குழு அறிக்கை, இந்தியாவில் 1,000 பிரசவத்துக்கு சுமார் 20 தாய்மார்கள் இறப்பதாக மதிப்பிட்டது. அதாவது லட்சத்துக்கு 2,000. 2018-20 கணக்கில் தமிழ்நாட்டில் லட்சத்துக்கு 54.

4/ அஞ்சு பிள்ளை பெத்த பாட்டி நமக்குக் கதை சொல்கிறார். மூணாவது பிரசவத்தில் போன பாட்டி கதை சொல்ல இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். தாய்மார்களைக் காப்பாற்றியது ரத்த வங்கி, ஆன்டிபயாடிக், ஆபரேஷன் தியேட்டர், கிராம செவிலியர், 108. ஆட்டுக்கல் இல்லை.

5/ அடுத்து பெட் ரெஸ்ட். எழும்பூர் தாய் சேய் மருத்துவமனை 1844-ல் தொடங்கியபோது அதன் பெயர் 'மெட்ராஸ் லையிங்-இன் ஹாஸ்பிட்டல்'. லையிங்-இன் என்றால் படுத்திருப்பது. பிரசவித்தவள் வாரக்கணக்கில் படுக்கையை விட்டு இறங்கக்கூடாது என்ற அன்றைய பிரிட்டிஷ் வழக்கம், ஆஸ்பத்திரியின் பெயரிலேயே ஏறிவிட்டது. வசதியான வீட்டுப் பெண்ணுக்குத்தான் அதுவும். கூலிக்காரப் பெண்ணுக்கு ஏது வாரக்கணக்கு?

6/ அப்படிப் படுத்தே கிடந்தால் என்ன ஆகும்? கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பத்தில் ரத்தம் இயல்பாகவே சீக்கிரம் உறையும். அதனால் இந்த ரிஸ்க் இன்னும் கூடும். 1940-களில்தான் பிரசவமான பெண்ணைச் சீக்கிரம் எழுப்பி நடக்கவைக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது.

7/ இந்தியாவிலிருந்தே ஒரு முக்கியமான பாடம் உண்டு. காஷ்மீரில் வேலை பார்த்த ஆங்கிலேய டாக்டர் காத்லீன் வாகன் ஒன்றைக் கவனித்தார். படகிலேயே வாழ்ந்து உழைத்த பெண்களுக்குப் பிரசவம் எளிதாக ஆனது. பர்தாவுக்குள், வெயில் படாமல் நாலு சுவருக்குள் இருந்த ஸ்ரீநகர் பெண்களுக்கோ எலும்பு மெலிந்து, இடுப்பெலும்பே கோணி, பிரசவம் ஆபத்தாக முடிந்தது. காரணம் வைட்டமின் டி குறைபாடு. வெயிலும் நடமாட்டமும் இல்லாத வாழ்க்கை பெண்ணின் எலும்பு வரைக்கும் போகும் என்று அவர் எழுதினார்.

8/ அப்புறமும் மருத்துவ உலகம் பயந்துகொண்டேதான் இருந்தது. 1985-ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் கர்ப்பிணிகளுக்கு வரம்பு போட்டது: நாடித்துடிப்பு 140-ஐத் தாண்டக்கூடாது, கடினமான பயிற்சி 15 நிமிஷத்துக்கு மேல் கூடாது. 1994-ல் அந்த 140 கணக்கைக் கைவிட்டார்கள். 2002-ல், சிக்கல் இல்லாத கர்ப்பிணி பெரும்பாலான நாட்களில் 30 நிமிஷம் மிதமான பயிற்சி செய்யலாம் என்றார்கள். 2020-ல் உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷம் என்று சொன்னது.

9/ நம்ம சென்னைக்கு இது ஏன் ரொம்ப முக்கியம்? பேராசிரியர் வி. சேஷையா குழுவினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், சென்னை நகரக் கர்ப்பிணிகளில் 17.8% பேருக்குக் கர்ப்பகால சர்க்கரை இருந்தது. கிராமப்புறத்தில் 9.9%. 2007-லேயே எல்லா கர்ப்பிணிக்கும் சர்க்கரை பரிசோதனை என்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்ப்பார்களே, அதுதான். 140-ம் அதற்கு மேலும் வந்தால் கர்ப்பகால சர்க்கரை.

10/ அந்தப் பொண்ணுக்கு வந்தது 152. வீட்டு வாசலில் ஏறினால் கம்பெனி வாசலில் இறக்கிவிடும் கேப், லிஃப்ட், ஒன்பது மணி நேரம் நாற்காலி. இப்போ அதன் மேல் பெட் ரெஸ்ட்டும் வேணுமாம்! சாப்பிட்டபின் நடந்தால் தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பல பேருக்கு உணவுக் கட்டுப்பாடும் நடையுமே போதும், இன்சுலின் தேவைப்படாது. சிலருக்குத் தேவைப்படும். அதில் தப்பே இல்லை.

11/ சரி, என்ன செய்யலாம்? நடை. ஓ.எம்.ஆர். ஓரம் நடக்கப் பயமா? மொட்டை மாடி போதும். சாப்பிட்டபின் 10 நிமிஷம், மூணு வேளை. நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது, அதுதான் அளவு. தெரிந்தவர் மேற்பார்வையில் எளிய யோகா, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி (சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்கி விடுவது) நல்லது. மூணு மாசத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தபடி நீண்ட நேரம் பயிற்சி வேண்டாம். விழும் ஆபத்துள்ளதும், மூச்சை அடக்கிச் செய்வதும் வேண்டாம்.

12/ யார் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது? ரத்தப்போக்கு, நஞ்சு கீழே இருப்பது, கர்ப்பப்பை வாயில் தையல், குறைமாத வலி, உயர் ரத்த அழுத்தம், இதய நோய், கடும் ரத்தசோகை உள்ளவர்கள்.

நடக்கும்போது ரத்தம் அல்லது நீர் கசிந்தால், தலைசுற்றல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கெண்டைக்கால் வீக்கம், விட்டுவிட்டு வலி வந்தால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு வாங்க.

13/ இன்னொன்று. சித்தாள் வேலை பார்க்கும் பெண்ணுக்கு 'நல்லா வேலை செய், சுகப்பிரசவம் ஆகும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. செங்கல் சுமப்பது உடற்பயிற்சி இல்லை. பயிற்சி என்றால் எப்போ நிறுத்தணும் என்பது அவள் கையில் இருக்கணும். கூலி வேலையில் அது மேஸ்திரி கையில் இருக்கு. அவளுக்குத் தேவை ஓய்வும் சாப்பாடும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருப்பதே அதற்காகத்தான்.

14/ கடைசியா அந்தப் பொண்ணு. மூணு வேளையும் மாடியில் நடந்தது. கூடவே மாமியாரும் நடந்தார். சர்க்கரை கட்டுக்குள் வந்தது, இன்சுலின் போடவில்லை. பிரசவம்? சிசேரியன். குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்தது, எடுத்தோம். ரெண்டு பேரும் நலம்.

15/ "இவ்ளோ நடந்தும் ஆபரேஷனா?" என்று மாமியார் கேட்டார். நடை என்பது சுகப்பிரசவத்துக்கு வாங்கும் டிக்கெட் இல்லைம்மா, அது உங்க மருமகளோட ஆரோக்கியத்துக்கு என்றேன். சிரித்தார்.

உங்க வீட்டில் கர்ப்பிணி இருந்தா, இன்னிக்கு ராத்திரி சாப்பிட்டதும் அவங்களோட நீங்களும் பத்து நிமிஷம் நடங்க.