சாதிப்பெயர் சுமந்த பருந்துகள்

ஆனேக்கல் வட்டத்துப் பன்னேர்கட்டா வனப்பகுதியின் வானில் இருவகைப் பருந்துகள் வட்டமிடுகின்றன. நிறம் நோக்கித் தமிழில் அவை கரும்பருந்து, செம்பருந்து எனப்படும். ஆங்கிலேயர் ஆட்சிக்கால நூல்களோ முன்னதைப் ‘பரையா கைட்’ என்றும் பின்னதைப் ‘பிராமினி கைட்’ என்றும் குறித்தன. நிறவேறுபாடு சாதிவேறுபாடாகிய வரலாறு ஈண்டு ஆராயப்படுகிறது.

டச்சு இயற்கையியலாளர் போடேர்ட் 1783இல் இவ்விரு பறவைகளுக்கும் இட்ட அறிவியற்பெயர்களில் சாதி இல்லை. ஆங்கிலப் பொதுப்பெயர்களே அதனை ஏற்றன. 1941இல் வெளிவந்த சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூலிலும் ‘பரையா’ என்னும் அடை தொடர்ந்தது.

இச்சொல் ‘பறையர்’ என்னும் தமிழ்ச்சொல்லின் திரிபாகும். புறநானூற்றின் 335ஆம் பாடல் பறையனைச் சிறந்த நான்கு குடிகளுள் ஒன்றாக எண்ணுகிறது. அப்பெயரே ஆங்கிலத்தில் ‘விலக்கப்பட்டவர்’ எனப் பொருள் திரிந்து, தெருநாய்க்கும் பருந்துக்கும் அடையாயிற்று.

இன்றைய பறவைப் பட்டியல்களில் ‘பிளாக் கைட்’ என்பதே வழக்கு. எனினும், ‘பிராமினி கைட்’ மாறவில்லை. தாழ்வு சுட்டிய பெயர் நீங்கியும் உயர்வு சுட்டிய பெயர் நீடிக்கிறது.

ரோமா மக்களை இழிவுபடுத்துவதாகக் கருதி, அமெரிக்கப் பூச்சியியல் கழகம் ‘ஜிப்சி மாத்’ என்னும் பெயரை 2021இல் நீக்கியது. 2022இல் ‘ஸ்பாஞ்சி மாத்’ எனப் புதுப்பெயர் இட்டது. நமக்கோ கரும்பருந்து, செம்பருந்து, நாட்டுநாய் எனப் பழகிய பெயர்கள் உள. பாடநூலாரும் அகராதியாரும் அவற்றையே ஆளுதல் வேண்டும். ஒரு மக்களின் பெயர் வசைச்சொல்லாய் வகுப்பறைக்குத் திரும்புமாயின், அதனைக் கேட்கும் மாணவருள் அம்மக்களின் பிள்ளைகளும் இருப்பர்.