ஓர்கன் பாடிய வரிகள்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் கோடைத் தேர் நகரும்போது நாதஸ்வரக்காரர் ஒரு திருப்புகழை எடுப்பார். கூடவே பாட ஒருவரும் இல்லை. ஆனாலும் நம்மில் வயதானவர்களின் உதடுகள் அசையும். வாத்தியம் இசையைத் தருகிறது. சொல்லை நாம் மனதிலிருந்து போட்டுக்கொள்கிறோம். இது நமக்கு மட்டுமே உரிய பழக்கம் என்றுதான் எண்ணியிருந்தோம்.

இதே மொன்றியல் தீவுக்கு 1724இல் ஒருவர் கப்பலேறி வந்தார். பெயர் ழான் ழிரார். 1696இல் பிரான்சின் பூர்ஜ் நகரில் பிறந்தவர். சுல்பீசியன் சபையைச் சேர்ந்தவர். இங்கே பள்ளி ஆசிரியராகவும் நோத்ர்-டாம் தேவாலயத்தின் ஓர்கன் வாசிப்பவராகவும் வாழ்ந்து 1765இல் மறைந்தார். அவர் கொண்டுவந்த கையெழுத்துப் புத்தகத்தில் 540 பக்கங்கள், 398 உருப்படிகள். இயற்றியவர் பெயர் எதிலும் இல்லை. பதினாறு மட்டும் நிக்கொலா லெபேக் என்பவருடையவை என்று பின்னர் அடையாளம் காணப்பட்டன.

அக்காலப் பிரெஞ்சுப் பூசையில் பாடற்குழு ஒரு வரியைப் பாடும். அடுத்த வரியை ஓர்கன் வாசிக்கும். கீரியே வேண்டுதல் ஒன்பது முறை வரும். அதில் ஐந்து ஓர்கனுக்கு, நான்கு பாடுவோருக்கு. ஓர்கன் பெரும்பாலும் முதல் முறையில் பழைய லத்தீன் பாட்டின் மெட்டை நீண்ட சுரங்களாக நிறுத்தி, அதைச் சுற்றி மற்றக் குரல்களைப் பின்னும். பிறகு வருபவற்றில் மெட்டு மறைந்து, வாசிப்பவரின் கற்பனை மேலோங்கும். ஆனால் சொல்லைக் கைவிட அனுமதி இல்லை. ஓர்கன் வாசிக்கும் வரியை ஒருவர் தெளிவாகக் கேட்கும்படி சொல்ல வேண்டும் என்று 1600இல் றோமாபுரியில் வெளியான சடங்கு நூல் விதித்தது.

ழிராரின் புத்தகம் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1978இல் எலிசபெத் கலா-மோரன் என்ற ஆய்வாளர் அதைக் கண்டெடுத்தார். 1981இல் அதன் நிழற்படப் பதிப்பு வந்தது. இன்று அதன் இசையை ஒலித்தட்டில் கேட்கலாம். ஆனால் ஓர்கன் எந்த வரியை வாசிக்கிறது என்பதைக் கேட்ட மாத்திரத்தில் அறிபவர்கள் அருகிவிட்டார்கள். தாள் சுரங்களைக் காத்தது. சொற்கள் இருந்த வாய்களைக் காக்க அதனால் முடியவில்லை.

நாமும் நாதஸ்வரத்தைக் கடல் கடந்து கொண்டுவந்துவிட்டோம். இங்கு பிறந்த பிள்ளைகளுக்கு அது இனிய ஓசை. அதனுள் இருக்கும் பாட்டு கேட்கிறதா?

தேரடியில் ஒரு சிறுமி கேட்டாள்: "அம்மம்மா, என்ன முணுமுணுக்கிறீங்கள்?"

அம்மம்மா நின்று, முதலடியிலிருந்து அவளுக்குச் சொல்லத் தொடங்கினார்.