வெடி பொய்த்தலின் வரலாறு

படைக்கலங்களின் வரலாற்றை எழுதுவோர் அவற்றின் வீச்சையும் வேகத்தையுமே பெரிதும் பேசுவர். விசையை இழுத்தும் வெடி தீராத கணத்தைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆயின், துப்பாக்கியின் அமைப்பில் 19ஆம் நூற்றாண்டில் ஏற்பட்ட முக்கிய மாற்றங்கள் சில, அக்கணத்தைத் தவிர்க்கும் முயற்சியிலேயே பிறந்தன. அம்முயற்சியின் வரலாறு பொறிநுட்பத்தின் வரலாறு மட்டுமன்று. குறையை அறிந்தோர் அதனைத் தீர்ப்பதற்கு எவ்வளவு காலம் எடுத்தனர், அத்தாமதத்தின் விலையை யார் செலுத்தினர் என்பதன் வரலாறுமாகும்.

18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியப் படைவீரன் ஏந்திய துப்பாக்கி சக்கிமுக்கிக் கல்லினால் இயங்கியது. விசையை இழுத்ததும் கல் உருக்குத் தகட்டில் உரசும். அதிலெழும் பொறி, சிறு குழித்தட்டிலுள்ள மருந்தைப் பற்றவைக்கும். அத்தீ குழலின் பக்கத்துத் துளைவழியே உட்சென்று முதன்மை மருந்தைக் கொளுத்தும். இவற்றுள் ஒரு படி தவறினும் குண்டு புறப்படாது. கல் தேய்ந்தால் பொறி எழாது. துளையிற் கரி அடைத்தால் தட்டிலுள்ள மருந்து மட்டும் எரிந்து அடங்கும். மழை பெய்தாலோ தட்டின் மருந்தே நனைந்துவிடும்.

இக்குறைக்குத் தீர்வு கண்டவர் படைத்தளபதி அல்லர். ஸ்கொத்லாந்தில் அபடீன் நகருக்கு அருகேயுள்ள பெல்ஹெல்வி என்னும் ஊரின் மதகுருவான அலெக்சாந்தர் போர்சைத் என்பவரே. நீர்ப்பறவை வேட்டையில் நாட்டமுடைய அவர், தட்டில் எழும் ஒளியைக் கண்டு பறவைகள் குண்டு வருமுன் தப்புவதை அவதானித்தார் என்பர். பாதரச பல்மினேற்று அடிபட்டவுடன் வெடிக்கும் இயல்பினது என்பதை எட்வேட் ஹவாட் 1800இல் வெளியிட்டிருந்தார். அடியால் வெடிக்கும் இத்தகைய சேர்வைகளைப் பொறிக்குப் பதிலாகப் பயன்படுத்தும் துப்பாக்கிப் பூட்டொன்றைப் போர்சைத் அமைத்தார். 1806இல் இலண்டன் கோபுரத்தில் அரச ஆதரவுடன் ஆய்வு நடத்த அவருக்கு இடமளிக்கப்பட்டது. எனினும், படைக்கலத் துறையின் தலைமை மொயிறா பிரபுவிடமிருந்து சத்தாம் பிரபுவிடம் மாறியதும் அவர் வெளியேற்றப்பட்டார். 1807இல் தமது ஆக்கத்திற்குக் காப்புரிமை பெற்று ஊர் திரும்பினார்.

பின்னர் வேட்டைக்காரரும் துப்பாக்கி வினைஞரும் அம்முறையைச் செப்பனிட்டனர். வெடிக்கும் சேர்வையைச் சிறு செம்புத் தொப்பியினுள் அடைத்து, குழலோடு இணைந்த முளையின்மீது பொருத்தும் வழக்கம் பரவியது. பிரித்தானியப் படைத்துறையோ 1834இலேயே வூலிச்சில் முறையான சோதனையை மேற்கொண்டது. இருவகைத் துப்பாக்கிகளாலும் தலா 6000 வெடிகள் தீர்க்கப்பட்டன. சக்கிமுக்கித் துப்பாக்கிகள் 922 தடவை பொய்த்தன. தொப்பித் துப்பாக்கிகள் 36 தடவையே பொய்த்தன. ஏறத்தாழ ஆறரை வெடிக்கு ஒன்று பொய்க்கும் கருவியைத்தான் வீரர் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தனர் என்பது அப்போது எண்களால் நிறுவப்பட்டது.

ஆயினும், அறிந்த உண்மை எல்லாப் படைவீரரையும் ஒரே வேளையில் சென்றடையவில்லை. ஏழு ஆண்டுகளின் பின், முதலாம் அபினிப் போரின்போது, கன்ரன் நகருக்கு வடக்கே 1841 மே 30இல் நிகழ்ந்தது இதற்குச் சான்றாகும். சன்யுவான்லிப் பகுதிக் கிராமத்தவர் ஆயிரக்கணக்கில் திரண்டு அந்நியப் படையை எதிர்த்தனர். இடியுடன் பெருமழை பெய்தது. சென்னை மாகாணத்தில் திரட்டப்பட்ட 37ஆம் சுதேசக் காலாட்படையின் ஓர் அணி பிற அணிகளிலிருந்து பிரிந்து சூழப்பட்டது. அவர்களின் கைகளிலிருந்தவை சக்கிமுக்கித் துப்பாக்கிகள். நனைந்த மருந்து பற்றவில்லை. வீரர் சதுர வடிவில் நின்று, துப்பாக்கி முனை ஈட்டிகளால் மட்டும் தம்மைக் காத்துக்கொண்டனர். தொப்பித் துப்பாக்கி ஏந்திய கடற்படைக் காலாள் அணிகள் இரண்டு அனுப்பப்பட்ட பின்னரே அவர்கள் மீட்கப்பட்டனர். அதே மழையில் இவ்வணிகளின் துப்பாக்கிகள் வெடித்தன.

சீன வரலாற்றில் சன்யுவான்லி மக்கள் எதிர்ப்பின் சின்னமாகப் போற்றப்படுகின்றது, அது பொருத்தமானதே. மறுபுறம், பிறருடைய போரிற் பழைய கருவியுடன் நிறுத்தப்பட்ட தென்னிந்தியச் சிப்பாய்களின் நிலையும் எண்ணத்தக்கது. குறை தெரிந்திருந்தது, மருந்தும் தெரிந்திருந்தது, புதிய கருவி பேரரசின் விளிம்பிலிருந்தோரை அடையவில்லை. போர்சைத்துக்கும் நீதி தாமதமாகவே வந்தது. அரசு 1842இல் 200 பவுண் வழங்கியது; 1843இல் அவர் இறந்த பின்னர் மேலும் 1000 பவுண் அவருடைய உறவினருக்குப் பகிரப்பட்டது.

செம்புத் தொப்பியே றிவோல்வர் எனப்படும் சுழல் துப்பாக்கியின் பரவலுக்கும் வழிவகுத்தது. சாமுவேல் கோல்ற் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற துப்பாக்கி அதனாலேயே இயங்கியது. 1866இல் அமெரிக்கரான பேர்டனும் ஆங்கிலேயரான பொக்சரும் தொப்பியைத் தோட்டாவின் அடியிலேயே பதிக்கும் முறைகளை வெவ்வேறாக வகுத்தனர். மழை இனிப் பெருந்தடையாக இருக்கவில்லை.

எனினும், பொய்த்தல் முற்றாக மறையவில்லை. போட்டிகளிற் சுடுவோர் விசை இலகுவாக அசைய வேண்டுமென்று சுத்தியலின் வில்லைத் தளர்த்துகின்றனர்; அதனால் அடி வலுவிழக்கின்றது. வெற்றுக் கோதுகளைத் தாமே நிரப்புவோர் தொப்பியை முழு ஆழத்திற்குப் பதிக்கத் தவறினால், முதலடி அதனை உள்ளே தள்ளுவதிற் செலவாகின்றது. இரண்டாம் அடியிலேயே வெடி தீர்கின்றது. எண்ணெய் படிந்த தொப்பியும் பொய்க்கலாம். குறை எங்கேயென அறிய, ஆலையில் நிரப்பிய தோட்டாவை அதே துப்பாக்கியில் இட்டுப் பார்ப்பர். அது தவறாது வெடிப்பின் ஐயம் கையால் நிரப்பிய தோட்டாவின்மேல் விழும். அதுவும் பொய்ப்பின் துப்பாக்கியின்மேல் விழும். பொய்த்த தோட்டா தாமதித்து வெடிக்கவும் கூடுமாதலால், குழலை உடனே திருப்பாது இலக்கை நோக்கியே சிறிது நேரம் வைத்திருப்பது விதி.

ஒன்றை மாற்றி மற்றவற்றை மாற்றாது வைத்து எண்ணிப் பார்க்கும் இம்முறை வூலிச் சோதனையின் வழிவந்ததே. குறையைக் கண்டறிய அறிவு போதும். கண்ட தீர்வைக் கடைநிலை மனிதன்வரை கொண்டுசெல்ல அறிவு மட்டும் போதாது என்பதற்குக் கன்ரனில் மழையில் நனைந்து நின்ற அந்தச் சிப்பாய்களே சாட்சி.