வேளாண் ஏற்றுமதிக் கொள்கையும் ஆலங்குடி வட்டாரமும்

இந்திய வேளாண் ஏற்றுமதிக் கொள்கைக்கு ஒன்றிய அமைச்சரவை 2018 டிசம்பர் 6 அன்று ஒப்புதல் தந்தது. 3,000 கோடி டாலரைத் தாண்டியிருந்த ஏற்றுமதியை 2022-க்குள் இரு மடங்காக்குவது இலக்கு. 2022-23-இல் அது ஏறத்தாழ 5,300 கோடி டாலரைத் தொட்டது. விளைவித்தவர் கைக்கு அதில் எவ்வளவு சேர வேண்டும் என்பதற்கு இப்படியோர் எண் இலக்கு கிடையாது. கொள்கையின் பெருங்குறை இதுவே.

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தில் உள்ள வம்பனில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. அங்கே உருவான வம்பன் 8 உளுந்து மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும். காய்கள் ஒருசேர முற்றுவதால் ஒரே அறுவடையில் வேலை முடியும். விதையில் காட்டிய இந்த அக்கறை சந்தையில் தொடரவில்லை. 2006-இல் பருப்பு ஏற்றுமதிக்குத் தடை வந்தது. எல்லா வகைகளுக்கும் அது நீங்க 2017 நவம்பர் ஆயிற்று. 2021 மே முதல் உளுந்து இறக்குமதிக்குத் தாராள அனுமதி. மியான்மர் உளுந்து பெருமளவில் வந்து இறங்குகிறது. பருப்பு விலை எட்டாத உயரத்துக்குப் போகாமல் அரசு பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தச் சுமை முழுவதையும் விவசாயி தலையில் வைப்பது அநியாயம்.

இதே வட்டாரத்தில் வடகாடு, கீரமங்கலம் பக்கம் பலா பெயர்பெற்றது. 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலில் பலாவும் தென்னையும் வேரோடு சாய்ந்தன. டெல்லியில் கொள்கைக்கு ஒப்புதல் கிடைத்தது அதற்கு மூன்றே வாரம் கழித்து. தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்துப் பதம் கண்டு வெட்டிய பலாக்காய் சில நாட்களில் பழுத்துவிடும். வெட்டிய பிறகு மண்டியில் சொல்லும் விலைக்குத் தள்ளிவிடுவதைத் தவிர வழியில்லை. சுளையை உலர்த்தவோ உறையவைக்கவோ ஊருக்கு அருகிலேயே வசதி இருந்தால்தான் விலை பேச அவகாசம் கிடைக்கும்.

பதப்படுத்திய பொருள்களுக்கும் இயற்கை விளைபொருள்களுக்கும் ஏற்றுமதித் தடை விதிப்பதில்லை என்று 2018 கொள்கை உறுதி கூறியது. மற்றவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கு 2023 ஜூலையில் வந்த தடை 2024 செப்டம்பரில்தான் விலகியது.

நியாய வணிகச் சான்று முறை வேறு வகையில் கணக்குப் போடுகிறது. பல விளைபொருள்களுக்குக் குறைந்தபட்ச விலை முன்கூட்டியே முடிவாகிறது. அதற்கு மேல் கிடைக்கும் ஊக்கத்தொகையை எதற்குச் செலவிடுவது என்று உற்பத்தியாளர்களே தீர்மானிக்கிறார்கள். 2005-இல் உருவான கேரள நியாய வணிகக் கூட்டமைப்பின் சிறு விவசாயிகள் முந்திரியையும் மிளகையும் இப்படித்தான் வெளிநாடுகளுக்கு விற்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ஆதனக்கோட்டை முந்திரிக்குப் பேர்போன ஊர். அங்கும் வடகாட்டிலும் இதைச் செய்ய உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், சான்றுக் கட்டணத்துக்கு அரசு உதவி, கொள்முதல் விலையை எழுத்தில் தரும் ஒப்பந்தம் ஆகிய மூன்றும் வேண்டும்.