சோழிக் கணக்கும் சார்பின் மதிப்பும்: வாரனின் பதிவு குறித்து ஒரு மறுப்பு

1825 மே 31, ஜூன் 1 இடையிலான இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைப் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்துக் கணித்ததை ஜான் வாரன் 'காலசங்கலித'த்தில் பதிவு செய்துள்ளார். கணிப்பின் பிழை தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. கணித்தவருக்குக் கோட்பாடு தெரியாது, நினைவாற்றல்தான் உண்டு என்பது வாரனின் தீர்ப்பு. அதை அடியொற்றி, வாக்கியங்கள் (கணிப்புக்குரிய எண்களைச் சொற்களில் பொதிந்த தொடர்கள்) மனப்பாட எண்களின் பட்டியலே, சார்பு என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை என்று எழுதிவரும் மரபு ஒன்றுண்டு. வாரனின் பதிவே அதற்கு இடம்தரவில்லை எனக் கருதுகிறேன்.

சந்திரனின் நிலை காணும் பகுதியை மட்டும் பார்ப்போம். கலியுக நாள்எண்ணிலிருந்து 1600984 கழிக்கப்படுகிறது. கணக்கின் தொடக்கம் இதனால் கி.பி. 1282க்கு நகர்கிறது. மீதி 12372ஆலும், அதில் எஞ்சுவது 3031ஆலும், பின்னர் 248ஆலும் வகுபடுகிறது. ஒவ்வோர் ஈவுக்கும் முறையே 297°48′, 337°31′, 27°44′ என்ற பெயர்ச்சி சேர்கிறது. தொடக்க நாளில் சந்திரன் இருந்த நிலையையும், கடைசி மீதி எத்தனையோ அத்தனையாவது வாக்கியத்தின் மதிப்பையும் கூட்டி, 360 பாகைச் சுற்றுகளை நீக்கினால் விடை. மீதி 1 எனில் வாக்கியம் 12°3′ தரும். 2 எனில் 24°9′.

248ஆம் வாக்கியத்தின் மதிப்பு 27°44′. 248 நாள் சுற்றுக்குரிய பெயர்ச்சியும் அதுவே. அட்டவணையின் கடைசி எண்ணே அடுத்த சுற்றின் தொடக்கப் புள்ளி என்பதால், 248 மதிப்புகள் எந்த நாளுக்கும் நீள்கின்றன. நாளைத் தந்தால் ஒரே ஒரு நிலை கிடைக்கிறது. மதிப்பகம் முழுவதற்கும் இப்படி விடை தருவதைச் சார்பு என்னாமல் வேறென்ன என்பது?

வகுத்தலின் வரிசையும் தற்செயல் அன்று. சந்திரன் தன் சேய்மைப் புள்ளிக்கு 9 முறை திரும்ப ஆகும் காலம் 248 நாளுக்குச் சுமார் 13 நிமிடம் குறைவு. 1282 முதல் 1825 வரை 248ஆல் மட்டுமே வகுத்தால் ஈவு 800ஐ நெருங்கும். பிழை ஏழு நாள் அளவுக்குத் திரளும். பெரிய சுற்றுகளை முதலில் நீக்கினால் 248இன் ஈவு 12ஐத் தாண்டாது. பிழையைக் கட்டுக்குள் வைக்கும் இந்த ஏற்பாடு மனப்பாடத்தால் விளையாது. இந்த ஏற்பாட்டை உருவாக்கியவர் யார் என்பது வேறு கேள்வி. வரருசியின் பெயரை மரபு சொல்கிறது, அதை நான் வற்புறுத்தவில்லை.

சூத்திரம் இல்லையே என்பர். சார்பைப் பகுப்பாய்வுக் கோவையாக வரையறுத்தவர் 1748இல் ஆய்லர். அவரே 1755இல் அதைத் தளர்த்தி, ஒன்று மற்றொன்றைச் சார்ந்து மாறினால் போதும் என்றார். இனிச் சூத்திரம் கேட்பதில் பொருளில்லை. புதுச்சேரிக்காரர் இதையெல்லாம் உணர்ந்திருந்தாரா? மடக்கை அட்டவணையைப் புரட்டிய பொறியாளரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

வாரன் கண்டது சரி. அவர் சொன்ன காரணம் போதாது. அந்தச் சோழிகள் ஒரு சார்பின் மதிப்பைத்தான் கணித்தன.